பொங்கல் கழித்து

இரட்டைப் புள்ளிக்குப் பிறகு இடம் விடக்கூடாது. எதிர் மேசை நஸ்ரின் சொல்லிக்கொடுத்தது. மெயிலின் தேடுபெட்டியில் from என்று அடித்து, இரட்டைப் புள்ளி வைத்து, ஆளின் பெயரை அதோடு ஒட்டியே அடிக்க வேண்டும், "நடுவுல ஸ்பேஸ் தட்டுனீங்கன்னா அது வேற எதையாவது தேடிக்கிட்டுப் போயிரும்க்கா" என்றாள், ஏதோ கையை விட்டால் சாலைக்கு ஓடிவிடும் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல. மணி ஒன்று பத்து. மூன்று மணிக்கு விசாரணை. சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வரும் அதிகாரி இந்நேரம் விமான நிலையத்தில் இறங்கியிருப்பார். கீபோர்டுக்கு வலப்பக்கம் மேனேஜர் தண்டபாணி சார் வைத்துவிட்டுப் போன கடிதம் இருக்கிறது. நான் எழுதியதாக அவரே அடித்த கடிதம். சனவரி பதினெட்டாம் தேதி டெக்னீஷியன் குழந்தைவேல் அனுப்பியதாகச் சொல்லும் மின்னஞ்சலை என் பெட்டியில் முழுமையாகத் தேடிப் பார்த்தேன், அப்படி எதுவும் வரவில்லை. கீழே ஒரு கோடு, கோட்டுக்கடியில் கே.சுகந்தி, சர்வீஸ் கோஆர்டினேட்டர். கோட்டின் மேல் இன்னும் ஒன்றும் இல்லை. எத்தனை தடவை படித்தாலும் கண் ‘முழுமையாக’ என்ற சொல்லில் போய் நின்றுகொள்கிறது. வரவில்லை என்பதில் நிற்க வேண்டியது, அதைத் தாண்டிப் போய்விடுகிறது. போன வியாழக்கிழமை சாரின் அறை வாசலில் நின்று "இல்லைங்க சார், தேடிட்டேன்" என்று சொன்னேன். அப்போது முழுமையாக என்று நான் சொல்லவில்லை. தேடியது உண்மை. ஐந்து நிமிடம் இருக்கும். from:kuzhandaivel என்று அடித்தேன், ஒன்றும் வரவில்லை. ஆனால் குழந்தைவேல் என்ற பெயரை எப்படி எழுதுவது. ழவுக்கு zh போடுகிறவர்கள் படித்தவர்கள், எல் போடுகிறவர்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதிவைத்ததை மாற்றாதவர்கள். kulandaivel, kulanthaivelu, kozhandaivel. சேலம் பக்கம் கொளந்த என்றுதான் கூப்பிடுவார்கள், அதை அப்படியே எழுதினால் kolandavel. சம்பளச் சீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, இன்சூரன்ஸ் அட்டையில் மூன்றாவது மாதிரி. பதினோரு வருடமாக ஒரே ஆள்தான், இயந்திரத்துக்கு மட்டும் அவர் நாலைந்து பேர். இன்றைக்கு ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் பொருந்தும் செய்திகள் எதுவும் இல்லை என்று வருகிறது. ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் சாய்ந்துகொள்கிறேன். இல்லை என்று வந்ததும் சாய்ந்துகொள்கிறேன் என்றால் நான் தேடுவது எதை.

மறுபடி from: என்று போட்டு k அடித்ததும் பெட்டிக்குக் கீழே பெயர்கள் தொங்குகின்றன, முதலில் கருணாகரன், என் கணவர். அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது, இதற்குத் தெரியாது. முதல் எழுத்தைத் தட்டினால் முதலில் அவரைத்தான் நீட்டும். அவர் இருந்தபோது எனக்கு அனுப்பியதெல்லாம் அலுவலக முகவரிக்குத்தான், ஏனென்றால் இங்கே பிரிண்டர் இருக்கிறது. போன ஆடியில் வாரிசுச் சான்றிதழுக்காக ஒரு பழைய ரசீது தேவைப்பட்டு from:karunakaran என்று போட்டு, பக்கத்தில் has:attachment என்று சேர்த்தேன், அதுவும் நஸ்ரின் சொல்லித் தந்ததுதான், இணைப்பு உள்ளவை மட்டும் வரும். நாற்பத்து மூன்று வந்தன. மகள் தரணியின் மதிப்பெண் பட்டியல், ரயில் டிக்கெட், ரத்தப் பரிசோதனை, கேஸ் இணைப்பு மாற்றம், மறுபடி ரத்தப் பரிசோதனை. ஒவ்வொன்றையும் திறந்தால் உள்ளே ஒரே சொல், பிரிண்ட். சிலதில் பிரிண்ட் ரெண்டு காப்பி. பதினெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்த ஆள் எழுதியது அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்தேன், அப்புறம் அது தப்பு என்றும் நினைத்தேன், பேசியதெல்லாம் வீட்டில், அதை யார் சேமித்தார்கள். இப்போது அதுவல்ல வந்து நிற்பது. has:attachment எனக்குத் தெரியும் என்பதுதான். போன ஆடியிலேயே தெரியும். குழந்தைவேல் போட்டோ எடுத்து அனுப்பினேன் என்றுதான் சொன்னார். போட்டோ என்றால் இணைப்பு. வியாழக்கிழமை நான் அதைப் போடவில்லை. தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதை எழுத்தில் எப்படிச் சொல்வது, ‘முழுமையாகத் தேடினேன், ஆனால் தோன்றவில்லை’.

கொரியன் டிராமாவை வைத்துக்கொண்டு எதிர் மேசையில் நஸ்ரின் சாப்பிடுகிறாள். "என்னங்க்கா, டப்பாவத் தொறக்கவே இல்ல? கொழம்பு என்னன்னு வாசத்துலயே கண்டுபிடிச்சரலாம்னு ஒக்காந்திருக்கேன்" என்கிறாள். பூண்டுக் குழம்பு என்றேன். "அப்ப தொறக்காதீங்க, சென்னைக்காரரு லிஃப்ட்ல இருந்து எறங்குறப்பவே திரும்பிப் போயிருவாரு." சிரித்தேன். சிரித்துக்கொண்டே kuzhandhaivel என்று இன்னொரு h சேர்த்து அடித்தேன். இல்லை. லிஃப்ட் என்றதும் அவளும் சட்டென்று திரையைப் பார்த்துக்கொண்டாள். இந்த ஒரு மாதமாக இந்த அலுவலகத்தில் அந்தச் சொல்லைச் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை, நாங்கள் விற்பதும் பழுது பார்ப்பதும் அது ஒன்றைத்தான் என்றாலும். என் வேலை சின்னது. ஊரெங்கும் போய் லிஃப்ட்டுகளைப் பார்க்கிற முப்பத்தெட்டு டெக்னீஷியன்கள் அனுப்பும் ரிப்போர்ட் என்னிடம் வரும். பாகம் வேண்டுமென்றால் ஸ்டோருக்குச் சொல்வேன், லிஃப்ட்டை நிறுத்த வேண்டுமென்றால் குடியிருப்புச் செயலாளருக்குப் போன் செய்து, நிறுத்துங்கள் என்று கடிதமும் அனுப்புவேன். டெக்னீஷியன் சொன்னால் அவர்கள் கேட்க மாட்டார்கள், எண்ணெய்க் கை, சட்டையில் பெயர் தைத்த ஆள். அலுவலகத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தால் கேட்பார்கள். சனவரி முதல் தேதியிலிருந்து ரிப்போர்ட் எல்லாம் மெயிலில்தான், சீட்டு கிடையாது, வாட்ஸ்அப்பில் போட்டால் செல்லாது என்று சென்னை சொல்லிவிட்டது. அதுவரை மெயில் ஐடியே இல்லாத ஆட்கள் செல்போன் கடைக்குப் போய் ஐடி போட்டுக்கொண்டு வந்தார்கள். எந்தப் பெயரில் போட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. குழந்தைவேலுக்கும் தெரியாது. சனவரிக் கடைசியில் அவருடைய போன் ஒரு லிஃப்ட்டின் அடிக்குழித் தண்ணீரில் விழுந்தது, அதோடு ஐடியும் போனது, அனுப்பியதும் போனது. அனுப்பியது வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான் மிச்சம். அது இந்தப் பெட்டி. இதைத் திறக்கும் கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும், என் மகளின் பெயரும் அவள் பிறந்த வருடமும்.

பிப்ரவரி மூன்றாம் தேதி சனிக்கிழமை. வடவள்ளியில் ஐந்து மாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடியில் ஒரு ரிட்டையர்டு டீச்சர், அறுபத்திரண்டு வயது, லிஃப்ட் கதவை இழுத்திருக்கிறார், அது திறந்துகொண்டது. பெட்டி அந்த மாடிக்கு வராமல் கதவு திறக்கக் கூடாது, பூட்டு பிடித்திருக்கும், அதற்குத்தான் பூட்டு. கதவு திறந்தால் பெட்டி இருக்கும் என்று நம்பித்தானே எல்லாரும் காலை வைக்கிறோம், யார் குனிந்து பார்க்கிறார்கள். பெட்டி இரண்டாவது மாடியில் நின்றிருக்கிறது. அதன் கூரைமேல் விழுந்தார், இடுப்பெலும்பு உடைந்தது. பெட்டி கீழ்த்தளத்தில் நின்றிருந்தால் என்ற வாக்கியத்தை இந்த அலுவலகத்தில் ஒவ்வொருவரும் ஒரு தடவை தொடங்கி முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். கடைசியாக அந்த லிஃப்ட்டைப் பார்த்தவர் குழந்தைவேல், சனவரி பதினெட்டு. நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில், துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, போன் செய்தார். "மேடம், நான் அன்னைக்கே மெயில் போட்டனுங்களே. பூட்டு லூசா இருக்குதுன்னு. நான் ஆப் பண்ணி வெச்சேனுங், அந்த செகரட்டரி பொங்கலுக்கு வந்த ஒரம்பரை சனமெல்லாம் இன்னும் ஊருக்குப் போகலைன்னு மறுக்கா ஆன் பண்ணிப்போட்டாரு. நீங்க பேசுவீங்கன்னுதானுங்க நான் அடுத்த சைட்டுக்குப் போனேன்." எனக்கு எதுவும் வரவில்லையே என்றேன். அந்த நேரத்தில் அது உண்மை, எனக்கு வந்த ஞாபகம் இல்லை. கொடியில் போட்ட துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்புறம், "தேங்க்ஸ்னு பதில் போட்டீங்களே மேடம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. குற்றம் சொல்வது போலவும் இல்லை. கடையில் மறந்து வைத்த குடையை ஞாபகப்படுத்துவது போல. நான் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். இந்தத் தேங்க்ஸை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாரிடம் சொல்லவில்லை, நஸ்ரினிடம் சொல்லவில்லை, ஹாஸ்டலிலிருந்து தினமும் கூப்பிடும் தரணியிடம் சொல்லவில்லை. மெயில் போட்டேன் என்று பொய் சொல்ல நினைக்கிற ஆள் அதோடு நிறுத்திக்கொள்வான். பதில் வந்தது என்று சேர்க்க மாட்டான், அதுவும் தேங்க்ஸ் என்று. அது பொய்யின் வடிவத்தில் இல்லை.

தண்டபாணி சாரும் நானும் மருத்துவமனைக்குப் போனோம், ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு. டீச்சருடைய மகன் எங்களைப் பார்த்ததும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். டீச்சர் படுத்தபடியே என்னைப் பார்த்து, "நீங்க என்ன பண்றீங்கம்மா அங்க?" என்று கேட்டார். போன் எடுப்பேன், மெயில் பார்ப்பேன் என்றேன். "ஓ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "லிஃப்ட் இப்ப ஓடுதுங்களா? அஞ்சாவது மாடில ஒரு புள்ள மாசமா இருக்குது, படியேற முடியாது பாவம்" என்றார். நிறுத்தியிருக்கிறோம் டீச்சர் என்றார் சார். நிறுத்தியிருக்கிறோம். அன்று அதை நிறுத்தக் கடிதம் அடித்தது நான்தான், நாலு வரி, இரண்டு நிமிடம் ஆனது. திரும்பும்போது காரில் சார் சொன்னார், "பாருங்கம்மா, போலீஸ்ல ஒரு பேரு கேக்கறாங்க. கவனக்குறைவுன்னு ஒருத்தர் பேரு போகணும். கம்பெனி பேரு போனா நானூறு குடும்பம். அவனுக்கென்ன, தொழில் தெரிஞ்சவன், ஆறு மாசத்துல வேற பக்கம் சேந்துக்குவான்." சிக்னலில் நின்றபோது, "நீங்க பத்தொம்பது வருசமா இருக்கறீங்க" என்றார். அது கேள்வி இல்லை. அவர் கெட்டவர் இல்லை, கருணாகரன் போனபோது மூன்று நாள் வந்து நின்றவர், சுடுகாட்டுக்கு வண்டி பிடித்தவர். கடிதத்தில் வரவில்லை என்று மட்டும் போட்டிருக்கலாம், முழுமையாக என்று எதற்குச் சேர்த்தார். சேர்த்தது எனக்காகத்தான். நான் ஒழுங்காக வேலை செய்தவள் என்று தெரியட்டும் என்று.

தேடுபெட்டியைக் காலி செய்துவிட்டு வெறுமனே அதன்மேல் சொடுக்கினால் முன்பு தேடியவை கீழே வரிசையாக விழும் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. இன்று அடித்த ழக்கள் எல்லாம் மேலே, அவற்றுக்குக் கீழே வியாழக்கிழமையுடையது. after:2024/01/17 before:2024/01/20 -pongal. என் கை அடித்ததுதான். நாம் தேதியை முதலில் எழுதுகிறவர்கள், இது வருடத்தை முதலில் கேட்கும், அதனால் தலைகீழாக யோசித்து அடித்த ஞாபகம் இருக்கிறது. பதினேழுக்குப் பின், இருபதுக்கு முன். பிறகு ஒரு கழித்தல் குறி, அதோடு ஒட்டிப் பொங்கல். கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள எதுவும் வராது. "வேண்டாதத மைனஸ் பண்ணிருங்க்கா, குப்பை போயிரும்" என்று நஸ்ரின் சொன்னது. பொங்கல் எங்கே வந்தது என்றால், சனவரி பதின்மூன்றாம் தேதி எல்லா டெக்னீஷியன்களுக்கும் ஒரே வாழ்த்து அனுப்பச் சொன்னது சென்னை, தலைப்பில் ஆங்கிலத்திலும் Happy Pongal சேர்த்து, பானையும் கரும்பும் போட்ட படத்தோடு, சென்னை தந்த ஒரே குழு முகவரிக்கு நான் அனுப்பினேன், பதில்கள் குவிந்தன, எல்லாம் ஒரே சங்கிலியில், ஒரே வரியில், பக்கத்தில் அறுபத்தொன்று என்று எண். தேடும்போது அது வந்து மறைத்தது. கழித்தேன். சாதாரணமாக நாம் பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்றால் பொங்கல் முடிந்த பிறகு என்று அர்த்தம். நான் கழித்த கழித்தல் வேறு. அது கணக்கில் வரும் கழித்தல் கூட இல்லை, கணக்கில் கழித்தால் மீதி என்று ஒன்று இருக்கும், சரிபார்க்கலாம், இங்கே கழிந்தது எவ்வளவு என்று அது சொல்லாது, மீதியை மட்டும் சுத்தமாகக் காட்டும். அன்றைக்கு மீதி ஒன்பது மெயில்கள். ஒன்பதையும் திறந்து பார்த்தேன். அதனால் தேடினேன் என்று சொன்னேன். ஏன் கழித்தேன். மறைத்தது, அதனால் கழித்தேன். அறுபத்தொன்றைத் திறந்து பார்க்கச் சோம்பல், அதனால். அல்லது, இதற்கு மேல் போகாமல் இங்கே நிற்கிறேன், அல்லது தேங்க்ஸ் என்று நான் அந்த மாதத்தில் எங்கே எழுதினேன் என்று யோசித்தால் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, அது விரலுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முன்னால் விரலுக்கு. விரலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்ததாகுமா என்று சென்னையிலிருந்து வருகிற ஆள் கேட்க மாட்டார்.

"அக்கா, வெளில குழந்தைவேலண்ணன் வந்து ஒக்காந்திருக்காரு. பதினொரு மணில இருந்து. டீ வேணுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாரு." நஸ்ரின் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்து துடைக்கிறாள். "முகத்துல ஒண்ணுமே இல்லக்கா. ஷேவ் எல்லாம் பண்ணிட்டு, கல்யாணத்துக்கு வந்த மாதிரி." ம் என்றேன். மணி இரண்டு ஐந்து. வரியை மறுபடி எடுத்தேன். கர்சரைக் கடைசிக்குக் கொண்டுபோய் பின்னழிப்பு விசையைத் தட்டினேன், எல், ஏ, ஜி என்று ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போயின, கடைசியில் கழித்தல் குறி தனியாகச் சற்று நேரம் நின்றது, அதையும் எடுத்தேன். அந்த இடத்தில் has:attachment என்று அடித்தேன். இடம் விடாமல். என்ட்டர் தட்டினேன். நாலு வந்தன. மூன்று வியாழக்கிழமையே பார்த்தவை, விளம்பரம், சென்னை சுற்றறிக்கை. நாலாவதாகப் பொங்கல் நல்வாழ்த்துகள் என்ற வரி. அதன் ஓரத்தில், இணைப்பு இருக்கிறது என்று காட்டும் ஒரு சின்ன ஊக்கு. என் படம் பதின்மூன்றாம் தேதியது, இந்தத் தேதிக்குள் பதில் வாழ்த்து போடுகிறவன் எதற்கு ஊக்குப் போடுகிறான்.

திறந்தது. மடித்து வைத்த துணிபோல அறுபத்தொரு பதில்கள், தேடியது மட்டும் விரிந்திருந்தது. சனவரி பதினெட்டு, பகல் ஒன்று நாற்பது. அனுப்பியவர் பெயர் டியர் வேலு எண்பத்தாறு, ஆங்கிலத்தில், எல்லாம் சேர்த்து. எந்த ழவும் இல்லை. மெயிலில் அவருக்கு இதுதான் முதல் ரிப்போர்ட், புது மெயில் எப்படித் தொடங்குவது என்று அவருக்கு யாரும் காட்டித் தரவில்லை போல, கைக்கு வந்த என் வாழ்த்தைத் திறந்து பதில் என்பதை அழுத்திவிட்டு போனைப் பார்த்துப் பேசியிருக்கிறார், போன் அதைக் கேட்டுத் தமிழில் எழுதியிருக்கிறது, புள்ளி இல்லாமல், நிறுத்தம் இல்லாமல். மேடம் வணக்கம் வடவள்ளி மூணாவது மாடி கதவு பாட்டு லூசா இருக்கு கேபின் வராமலே தொறக்குது நான் ஆப் பண்ணிட்டேன் செயலாளர் ஆன் பண்றேன்னு சொல்றாரு நீங்க பேசுங்க பாட்டு புதுசு வேணும் ஆள் விழுந்துருவாங்க மேடம். பூட்டு என்றது போனுக்குப் பாட்டு என்று கேட்டிருக்கிறது. படத்தில் பூட்டின் நாக்கு பாதி வெளியே, ஓரத்தில் அவருடைய கட்டைவிரல், நகத்தில் கிரீஸ். அதன் கீழே ஒரு மடிப்பு, அதைச் சொடுக்கினேன். அதே நாள், மாலை ஆறு நாற்பத்தெட்டு, அனுப்பியது நான். நன்றி, தேங்க் யூ. உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள். ஆச்சரியக்குறி ஒன்று.

ஆறு நாற்பத்தெட்டு என்றால் பேருந்து. ஹோப்ஸ் நிறுத்தத்துப் பக்கம் ஏதாவது நெரிசலில் நின்றிருக்கும். வருகிற ஒவ்வொரு வாழ்த்துக்கும் பதில் போட்டுவிடுங்கள், ஊழியர்கள் மதிக்கப்படுவதாக உணர வேண்டும் என்று சென்னை சொல்லியிருந்தது. ஒரு தடவை எழுதி நகல் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒட்டினேன், கட்டைவிரலால் அழுத்தி, ஒட்டி, அனுப்பி, அடுத்தது, அழுத்தி, ஒட்டி, அனுப்பி. பக்கத்தில் யாரோ ஒரு அம்மாள் மடியில் வாழைக்கன்று வைத்திருந்தாள், அதன் இலை என் முழங்கையில் உரசிக்கொண்டிருந்தது. இலை ஞாபகம் இருக்கிறது. நாலைந்து வரி தமிழ் ஞாபகம் இல்லை. ஆள் விழுந்துருவாங்க மேடம் என்பதன்மேல் என் கட்டைவிரல் போயிருக்கிறது. படிக்கவில்லையா, கண்ணில் பட்டும் படவில்லையா, பண்டிகைக் காலத்தில் நீளமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், கவிதை எழுதுகிறவர்கள்கூட உண்டு, அப்படி நினைத்தேனா. அங்கே அவர் அடுத்த சைட்டில், எந்த மாடியிலோ, போனில் என் பெயரைப் பார்த்திருப்பார். நன்றி என்று. மேடம் பார்த்துவிட்டார் என்று போனைப் பையில் போட்டிருப்பார். குடும்பத்தாருக்கும் என்றது அவருக்கு வித்தியாசமாகப் பட்டிருக்காது, அலுவலகத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். மேலே குப்பைத்தொட்டிப் படம் இருந்தது. அம்பை அங்கே கொண்டுபோனேன். எதையும் தீர்மானித்து அல்ல, அம்பு எங்காவது இருக்க வேண்டுமே. அழுத்தினேன். முழுச் சங்கிலியும் போனது, கரும்பு, பானை, கட்டைவிரல், என் ஆச்சரியக்குறி. திரையின் இடது மூலையில் ஒரு கறுப்புப் பட்டை வந்தது, உரையாடல் நீக்கப்பட்டது, பக்கத்தில் செயல்தவிர் என்று நீலத்தில். அதை அழுத்தினால் போனது திரும்பும், ஆனால் அது சில நொடிகள்தான் இருக்கும். நஸ்ரின் ஸ்பூனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போலீஸில் கொடுக்க ஒரு பெயர். குழந்தைவேல் என்றால் எந்த எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். சுகந்திக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஜி போட்டாலும் கே போட்டாலும் ஒன்றுதான். தரணிக்கு இன்னும் இரண்டு செமஸ்டர். குப்பையிலும் முப்பது நாள் கிடக்கும், in:trash என்று போட்டால் வரும், தெரிந்த ஆள் தேடினால் எடுத்துவிடலாம், ஆனால் தேடப்போகிற ஆள் நான்தான், தேடிவிட்டேன் என்று கையெழுத்துப் போடுகிறவளும் நான்தான், முழுமையாக. பட்டை மங்கத் தொடங்குவது போல இருந்தது. லிஃப்ட் இப்ப ஓடுதுங்களா என்று காதுக்குள் யாரோ கேட்டார்கள். செயல்தவிர் என்பதை அழுத்தினேன். எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்தது. ஒன்றுமே நடக்காதது போல.

பிரிண்டர் சூடாக ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். கருணாகரனின் நாற்பத்து மூன்றும் இதில்தான் வந்தன. பிரிண்ட் ரெண்டு காப்பி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் பக்கத்தில் அவர் எழுதியதும் படமும், கறுப்பு வெள்ளையில் பூட்டு தெரியவில்லை, கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. இரண்டாவது பக்கத்தில் நான். இரண்டையும் சேர்த்து ஊக்கு அடித்தேன். மெயிலையும் அந்த அதிகாரியின் முகவரிக்கு அனுப்பினேன், பொருள் என்ற இடத்தில் பொங்கல் நல்வாழ்த்துகள் என்றே நின்றது, மாற்றலாமா என்று பார்த்தேன், மாற்றினால் மறுபடி யாராவது தேட வேண்டியிருக்கும், விட்டுவிட்டேன். சாரின் கடிதத்தை இரண்டாக மடித்து டப்பாவின் கீழ் வைத்தேன். இரண்டு ஐம்பதுக்கு அவரே கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். "அம்மா, அவரு வந்துட்டாரு. லெட்டர்ல கையெழுத்துப் போட்டாச்சுங்ளா?" கொண்டுவருகிறேன் சார் என்றேன். "ஏனுங்க, சாப்பிடலைங்ளா? வெறும் வயித்துல வராதீங்க, மயக்கம் போட்டுருவீங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை.

நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் குழந்தைவேல் இருந்தார். கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு வரவில்லை, வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாதது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"கெடச்சுதுங்களா மேடம்?"

"கிடைச்சது."

அவர் உட்காரவில்லை. சட்டைப் பைமேல் கையை வைத்து எதையோ தேடி, ஒன்றும் இல்லை என்று கையை எடுத்துக்கொண்டார். "என்ன பேர்லங்க இருந்துச்சு?"

"டியர் வேலு எண்பத்தாறு."

"டியருங்களா?" என்றார். காது மடல் சிவந்தது. "அந்தக் கடைக்காரப் பையன் சும்மா இருந்திருக்க மாட்டான் போலிருக்குதுங். எம்பத்தாறு நான் பொறந்த வருசம்." வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார், மறந்துவிடாமல் இருக்க. உள்ளேயிருந்து நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. "நீங்க போட்ட பதிலும் அதுலயே இருக்குதுங்களா மேடம்? அது இல்லாமப் போனா நான் சும்மா சொல்றேன்னு நெனைச்சுக்குவாங்க."

"இருக்கு" என்றேன். "ரெண்டாவது பக்கம்."

கதவைத் திறந்தேன். காலை வைப்பதற்கு முன்னால் குனிந்து தரையைப் பார்த்தேன்.